அடியில்லாத கிண்ணம்

லண்டன் நகரத்துக் காரார்டு கம்பெனியார் ஏறக்குறைய 175 வருஷங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக் கூஜா செய்தார்கள். உயரம் இரண்டே கால் அடி. எடை 134 அவுன்ஸ். வளைந்த மூக்கு, வேலைப்பாடமைந்த கைப்பிடி, தொந்தி விழுந்த வயிறு எல்லாம் லக்ஷணமாகவே இருக்கின்றன. ஆனால் குறை ஒன்று உண்டு. அந்தக் கூஜாவுக்கு அடிப்பாகம் கிடையாது. மேலே ஊற்றுவதெல்லாம் ஊற்றினபடியே கீழே போய்விடும். நம் வீடுகளில் இப்படி ஒன்று இருந்தால், "வெள்ளியாயிற்றே!" என்று உருக்கி நாலு டம்ளராகப் பண்ணிக் கொண்டு நிம்மதியாய் இருப்போம்.

மேல்நாட்டார் அப்படிச் செய்யவில்லை. அந்த ஓட்டைக் கூஜாவுக்கு 'அமெரிக்காக் கிண்ணம்' என்று பெயர் சூட்டி, அதை அடைவதற்காக ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பாய்மரப் படகுப் பந்தயம் நடத்தி வருகிறார்கள். சர்வதேச விளையாட்டுப் பரிசுகளில் இதைக் காட்டிலும் பழமையானது இல்லை என்று சொல்லுவார்கள். பல தேசத்துக் கோடீசுவரர்கள் இதற்காகப் பணத்தைத் தண்ணீராய் இறைத்திருக்கிறார்கள். தண்ணீரிலேயே இறைத்தார்கள் என்றும் சொல்லலாம்.

கோடீசுவரர்களின் விளையாட்டு நமக்கெதற்கு என்று நேயர்கள் கேட்பது நியாயமே. நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் இந்தப் பந்தயத்தின் சரித்திரத்தைப் புரட்டப் புரட்ட, கோடீசுவரர்களை விட்டுவிட்டு வேறொரு கூட்டத்தின் மேல் நம் கவனம் சென்றது. ஓடும் படகிலே ஒரு ஆணிகூடத் தங்களுக்குச் சொந்தமில்லாத சாதாரண ஜனங்கள், அந்தப் படகிலே தங்கள் தேசத்தின் மானமே மிதக்கிறது என்று எண்ணி, நடு இரவில் எழுந்து உட்கார்ந்து ஆனந்தக் கண்ணீரும் துக்கக் கண்ணீரும் விட்டிருக்கிறார்கள். படகு ஒருவருடையது, பணம் இன்னொருவருடையது, கிண்ணம் ஒரு சங்கத்தினுடையது. அப்படியானால் வெற்றி யாருடையது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் வந்த விதம்

அமெரிக்காக் கிண்ணம் என்றால் அமெரிக்கா தேசத்தின் கிண்ணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவன்று. 1851-ஆம் வருஷத்தில் நியூயார்க் பாய்மரப் படகுச் சங்கத்தைச் சேர்ந்த சில செல்வர்கள் ஒரு கப்பல் கட்டி, அதற்கு 'அமெரிக்கா' என்று பெயரிட்டு, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கடலுக்குத் தாங்களே ராஜாக்கள் என்று பிரிட்டிஷார் மார்தட்டிக் கொண்டிருந்த காலம் அது. ஆகஸ்டு 22-ஆம் தேதி வைட் தீவைச் சுற்றிப் பந்தயம் நடந்தது. பிரிட்டிஷ் படகுகள் பல ஒரு பக்கம். அமெரிக்கா என்னும் தனிக் கப்பல் ஒரு பக்கம். தனிக் கப்பல் ஜயித்தது.

விக்டோரியா மகாராணி, "இரண்டாவதாக வந்தது எது?" என்று கேட்டதாகவும், "இரண்டாவது என்பதே இல்லை" என்று பதில் வந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை அழகானதுதான். ஆனால் அரோரா என்ற சிறிய படகு அதிக நேரம் பின்தங்காமலே வந்து சேர்ந்தது என்பதுதான் சரித்திரம்.

கப்பலின் சொந்தக்காரர்கள் அடுத்தபடி செய்த காரியம் நம் கேள்விக்கு ஒரு துப்புக் கொடுக்கிறது. வெற்றி தேடித் தந்த கப்பலை அவர்கள் இங்கிலாந்திலேயே நல்ல விலைக்கு விற்றுவிட்டார்கள். கிண்ணத்தை மாத்திரம் ஊருக்குக் கொண்டு போனார்கள். 1857-இல் அதைத் தங்கள் சங்கத்திடம் ஒப்படைத்து ஒரு சாஸனமும் எழுதி வைத்தார்கள். அயல்நாடுகளுக்கிடையே சிநேகபாவத்துடன் நடக்கும் போட்டிக்குரிய நிரந்தரப் பரிசாக இது இருக்கவேண்டும் என்பது அச்சாஸனத்தின் சாரம். ஆகவே கிண்ணத்தை வைத்திருக்கும் சங்கம் அதற்கு எஜமானன் அல்ல. கோயில் சொத்துக்குத் தருமகர்த்தா எப்படியோ, அப்படித்தான்.

தருமகர்த்தாக்கள் சில சமயம் தங்களையே சுவாமியாக எண்ணிக் கொண்டுவிடுவது உண்டல்லவா? நியூயார்க் சங்கத்தாரும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். 132 வருஷகாலம் கிண்ணம் அவர்களை விட்டு நகரவில்லை. போட்டியிட வருகிற கப்பல் தானே பாய்விரித்துச் சமுத்திரத்தைக் கடந்து வரவேண்டும் என்று 1882-இல் ஒரு விதி சேர்த்தார்கள். எதிரி, பெருங்கடலின் அலைகளுக்கு ஈடுகொடுக்கும்படி கனமாகக் கப்பல் கட்டவேண்டும்; இவர்களோ வாசலிலேயே பந்தயம் ஓடுகிறவர்களாகையால் இலேசாகக் கட்டிக் கொள்ளலாம். இந்த விதி 1956 வரையில் நீடித்திருந்தது.

தேயிலைப் பிரபு

இந்த அநீதியையெல்லாம் சிரித்த முகத்துடன் சகித்துக் கொண்டு ஐந்து தடவை போட்டியிட்டுத் தோற்றவர் ஒருவர் உண்டு. ஸர் தாமஸ் லிப்டன் என்ற அவர் பெயரைத் தேயிலைப் பொட்டலத்தின் மேல் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கிளாஸ்கோ நகரத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மளிகைக் கடை வைத்து, கடைக்கு மேல் கடையாகத் திறந்து பெரும் பணக்காரரானவர். 1890-இல் இலங்கைக்கு வந்தார். அங்கே காப்பிப் பயிர் நோய் கண்டு அழிந்து, தோட்டங்கள் மலிவாக விலைபோன சமயம். ஹப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதென்னை முதலிய தோட்டங்களை வாங்கித் தேயிலை பயிரிட்டார்.

அத்தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் யார்? ராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்கக் கங்காணிமாருடன் கடல் தாண்டிப் போன நம்மவர்கள்தாம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாய் மலைநாட்டுக்கு ஏறிய அந்தக் கூட்டத்தில் வழியிலேயே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையானவர்கள் அநேகர். பிழைத்தவர்களின் கைகள் கிள்ளிய கொழுந்து லிப்டனுடைய செல்வத்தில் பெரும்பங்கு ஆயிற்று. அந்தச் செல்வந்தான் 'ஷாம்ராக்' என்ற பெயருடைய ஐந்து அழகிய கப்பல்களாக உருமாறிற்று. 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய வருஷங்களில் அவை ஒன்றன்பின் ஒன்றாக நியூயார்க் சங்கத்தை எதிர்த்து நின்று தோற்றன. தம்பேதென்னை மலைமேல் லிப்டன் உட்கார்ந்து தம் தோட்டங்களைப் பார்த்து மகிழ்ந்ததாகச் சொல்லப்படும் இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். அங்கிருந்து அவர் கண்ணுக்குக் கப்பல்கள் தெரிந்திருக்கலாம். கூடை சுமந்த ஸ்திரீகளுக்கு அவை தெரிந்திருக்க நியாயமில்லை.

லிப்டனைத் தீயவர் என்று நாம் சொல்ல வரவில்லை. தோல்வியைப் புன்னகையோடு ஏற்கும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது. அதனாலேயே அமெரிக்க ஜனங்கள் அவரிடம் அளவற்ற பிரியம் வைத்தார்கள். அப்பிரியம் தேயிலை வியாபாரத்துக்கு எவ்வளவு அனுகூலமாயிற்று என்பது வேறு விஷயம். 1930-இல் ஐந்தாவது தடவையாகத் தோற்றபோது, வில் ரோஜர்ஸ் என்ற ஹாஸ்ய நடிகரின் யோசனைப்படி பொதுஜனங்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, அவருக்கு ஒரு தங்கக் கிண்ணம் செய்து கொடுத்தார்கள். செல்வர்களின் சங்கம் கொடுக்காததைச் சாமானியர்கள் கொடுத்தார்கள். அவருடைய சொந்த நாட்டின் பெரிய படகுச் சங்கமோ, "மளிகைக் கடைக்காரனாயிற்றே" என்று அவரை அங்கத்தினராகச் சேர்க்காமலே காலம் தாழ்த்தி, 1931-இல் அவர் கண்மூடுவதற்குச் சற்று முன்னர்தான் சேர்த்துக் கொண்டது. இந்தப் பந்தயத்தில் ரஸிகர்கள் என்ற ஜாதி செல்வர்களைவிட உயர்ந்தது என்பதற்கு இது முதல் அத்தாட்சி.

கங்காரு நாட்டின் காலைப்பொழுது

நியூயார்க் சங்கத்தின் கர்வம் கடைசியில் 1983 செப்டம்பர் 26-ஆம் தேதி அடங்கிற்று. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த 'ஆஸ்திரேலியா இரண்டு' என்ற படகு முதலில் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்தது. பிறகு மூன்று பந்தயங்களைத் தொடர்ந்து வென்று, நாலுக்கு மூன்று என்ற கணக்கில் கிண்ணத்தைக் கைப்பற்றிற்று. அந்தப் படகின் அடிக்கட்டையில் பென் லெக்ஸன் என்ற நிபுணர் இரண்டு சிறகுகளைப் பொருத்தியிருந்தார். கரையில் நிற்கும்போதெல்லாம் அதைத் திரைபோட்டு மூடி, மணப்பெண்ணைக் காப்பதுபோல் காத்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் அப்போது காலை வேளை. இரவெல்லாம் கண்விழித்த ஜனங்கள் தெருவில் இறங்கிக் கூத்தாடினார்கள். பிரதம மந்திரி பாப் ஹாக், அன்றைக்கு வேலைக்கு வராத தொழிலாளியை எந்த முதலாளியாவது நீக்கினால் அவன் சுத்த உதவாக்கரை என்று பொருள்படத் தொலைக்காட்சியில் சொல்லிச் சிரித்தார்.

பணம் போட்டவர் ஆலன் பாண்டு என்னும் தனவந்தர். தேசத்தின் திலகம் என்று கொண்டாடப்பட்ட அவர் 1992-இல் திவாலானார். பின்னர் பெரியதொரு மோசடிக் குற்றத்துக்காகச் சிறைவாசமும் அநுபவித்தார். ஆனால் அந்தக் காலைப்பொழுதின் ஆனந்தத்தை எந்த நீதிமன்றமும் ஆஸ்திரேலியர்களிடமிருந்து ஜப்தி செய்ய முடியவில்லை. நம் கேள்விக்கு இது இரண்டாவது துப்பு.

படகா, பட்சியா?

மேலே செல்லுமுன், இந்தப் படகுகள் இப்போது என்ன ஆகிவிட்டன என்பதைச் சொல்லவேண்டும். பாய்மரப் படகு என்றதும் காற்று பின்னால் தள்ள, படகு முன்னால் போகும் என்று நினைக்கிறோம். அப்படியானால் படகு காற்றைவிட வேகமாய்ப் போக முடியாதல்லவா? இக்காலப் பந்தயப் படகுகளோ காற்றின் வேகத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் செல்கின்றன. மந்திரமா? இல்லை. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் என்ன ஆகிறது? விரல்கள் அசைந்தது ஒரு நூல். கொட்டை பாய்ந்தது பத்து முழம். பக்கவாட்டில் வீசும் காற்று பாயை ஒரு புறத்தில் அழுத்துகிறது. தண்ணீருக்குள்ளிருக்கும் அடிக்கட்டை மறுபுறத்தில் எதிர்த்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட படகு புளியங்கொட்டையைப்போல் முன்னே பாய்கிறது.

படகைத் தடுப்பது தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை விட்டே மேலே எழும்பிவிட்டால்? ஆகாய விமானத்தின் இறக்கையைப் போன்ற ஒன்றைத் தண்ணீருக்கடியில் வைத்தார்கள். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. ஆகையால் சின்னஞ்சிறு இறக்கை போதும். பெரிய படகே மேலே தூக்கப்பட்டுவிடும். 2013-ஆம் வருஷப் பந்தயத்துக்கென்று விதிகள் எழுதியவர்கள் படகு பறக்கலாகாது என்றே எழுதியிருந்தார்கள். நியூஸிலாந்து நிபுணர்கள் அந்த விதிகளுக்குள்ளேயே ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். 2012-இல் ஆக்லாந்து துறைமுகத்தில் 72 அடி நீளமுள்ள இரட்டைப் படகு ஒன்று நீருக்கு மேலே எழும்பிப் பறந்தபோது படகுலகமே பிரமித்துப் போயிற்று.

2021 முதல் ஓடும் படகுகளுக்கு நீளம் 75 அடி, அடிக்கட்டையே கிடையாது, எடை சுமார் ஆறு டன். இரண்டு பக்கமும் வெட்டுக்கிளிக் கால்களைப் போல இரண்டு கரங்கள். அவற்றின் நுனியில் இறக்கைகள். மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் செல்கின்றன. நம் ஊர் ரயில்கள் பலவற்றைவிட இது அதிகம் என்று சொன்னால் ரயில்வேக்காரர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது!

இந்த வேகத்துக்கு விலையும் உண்டு. 2013 மே மாதம் ஸான்பிரான்ஸிஸ்கோ விரிகுடாவில் பயிற்சியின்போது ஒரு படகு கவிழ்ந்து, ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆண்ட்ரூ ஸிம்ப்ஸன் என்ற பிரிட்டிஷ் வீரர் உயிரிழந்தார். 2021 ஜனவரியில் அமெரிக்கப் படகு ஒன்று ஆக்லாந்துக் கடலில் கவிழ்ந்து மூழ்கப் போனபோது, எதிரணிகளைச் சேர்ந்தவர்களும் விரைந்து வந்து இரவு வரையில் பாடுபட்டு அதைக் கரை சேர்த்தார்கள். சாஸனத்தில் எழுதியிருந்த 'சிநேகபாவம்' அன்றிரவு உயிரோடிருந்தது.

சிவப்புக் காலுறை

இப்போது நியூஸிலாந்துக்கு வருவோம். உலகப்படத்தின் கீழ்க்கோடியில், தவறிச் சிந்திய இரண்டு துளிகளைப்போல் கிடக்கும் தேசம். இன்றும் அதன் ஜனத்தொகை சுமார் 50 லட்சந்தான். 1995-இல் ஸான்டீகோ நகரில் பந்தயம் நடந்தபோது இன்னும் குறைவு. பீட்டர் பிளேக் என்பவர் தலைமையில் 'கறுப்பு மாயம்' என்று பெயர்பெற்ற கறுப்புப் படகு வந்தது. பிளேக்குக்கு அவருடைய மனைவி ஒரு ஜோடி சிவப்புக் காலுறை பரிசாகக் கொடுத்திருந்தார். அதை அணிந்துகொண்டே அவர் ஒவ்வொரு பந்தயத்துக்கும் சென்றார். கையில் காயம் பட்டு அவர் படகில் ஏறாத ஒரு நாள், படகு தோற்றுவிட்டது. அவ்வளவுதான்! தேசம் முழுவதும் சிவப்புக் காலுறை வாங்க ஆரம்பித்தது. காலுறை விற்ற பணம் படகுக் குழுவின் செலவுக்குச் சென்றது. பள்ளிச் சிறுவர்கள், தாத்தாமார், கடை குமாஸ்தாக்கள், பெரிய பதவியிலிருப்பவர்கள் எல்லோருடைய கணுக்காலிலும் ஒரே சிவப்பு. நியூஸிலாந்து ஐந்துக்குச் சைபர் என்று ஜயித்தது. ஆக்லாந்து வீதிகளில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடி வீரர்களை வரவேற்றார்கள்.

ஆனால் அந்நாட்டில் எல்லோருக்கும் அந்தக் கிண்ணம் சொந்தமாக இருந்ததா? 1997 மார்ச்சில் ஆக்லாந்துப் படகுச் சங்கத்துக்குள் நுழைந்த ஒரு மாவோரி இளைஞர், சம்மட்டியால் கிண்ணத்தை அடித்து நசுக்கிவிட்டார். தங்கள் நிலத்தைப் பறித்த வெள்ளைக்காரச் செல்வர்களின் சின்னம் அது என்பது அவர் கட்சி. அவரைச் சிறையிலிட்டார்கள், கிண்ணத்தைச் செய்த காரார்டு கம்பெனியாரே அதைச் செப்பனிட்டும் கொடுத்தார்கள். அவர் செய்கையை நாம் ஆதரிக்க முடியாது. என்றாலும் அவர் கேட்ட கேள்வி நம்முடைய கேள்வியேதான். பிற்காலத்தில் ஆக்லாந்தின் பூர்வகுடிகளான ஙாட்டி ஃபாட்டுவா ஓராக்கெய் வம்சத்தார் நியூஸிலாந்துப் படகுகளுக்குத் தங்கள் மொழியிலே பெயர் சூட்டி வாழ்த்தினார்கள் என்பதையும், 2021-இல் வென்ற படகின் பெயர் 'தே ரெஹுதாய்' என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சரித்திரம் நிறைவுபெறும். சம்மட்டியால் கேட்ட கேள்விக்குப் பெயரால் ஒரு பாதி விடை கிடைத்தது.

2000-இல் நியூஸிலாந்து கிண்ணத்தைச் சொந்த ஊரிலேயே காப்பாற்றிக் கொண்டது. அப்புறம் வந்தது இடி. படகைச் செலுத்திய ரஸல் கூட்ஸும் வேறு சில வீரர்களும் ஸ்விட்ஸர்லாந்துக் கோடீசுவரர் ஒருவரின் குழுவில் போய்ச் சேர்ந்தார்கள். கடற்கரையே இல்லாத தேசம் அது! 2003-இல் அக்குழு ஆக்லாந்துக்கே வந்தது. நியூஸிலாந்துப் படகில் முதல் நாளே தண்ணீர் புகுந்தது. நாலாவது பந்தயத்தில் மரம் முறிந்து விழுந்தது. ஐந்துக்குச் சைபர். விசுவாசம் என்ற ஒரே சொல்லைக் கொடியில் எழுதிக் கரையோரம் பறக்கவிட்ட ரஸிகர்கள், தங்கள் வீரர்களே தங்கள் கிண்ணத்தைக் கொண்டு போவதைப் பார்த்துக் கொண்டு நின்றார்கள். சிவப்புக் காலுறை அணிந்த பிளேக் அதைப் பார்க்க உயிரோடில்லை. 2001 டிஸம்பரில் அமேஸான் நதிமுகத்தில் கொள்ளைக்காரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

எட்டுக்கு ஒன்று

இதைவிடக் கொடுமை பத்து வருஷத்துக்குப் பின் நேர்ந்தது. 2013 செப்டம்பரில் ஸான்பிரான்ஸிஸ்கோவில் லாரி எல்லிஸன் என்ற அமெரிக்கக் கோடீசுவரரின் படகை நியூஸிலாந்து எதிர்த்தது. எல்லிஸன் குழுவின் தலைமை நிர்வாகி யார் தெரியுமா? அதே ரஸல் கூட்ஸ்! நியூஸிலாந்து சர்க்காரே பொதுஜன வரிப்பணத்திலிருந்து 3 கோடியே 60 லட்சம் டாலர் அந்தத் தேசத்து நாணயத்தில் உதவியிருந்தது. முந்திய பந்தயங்களில் விதி மீறியதற்குத் தண்டனையாக அமெரிக்கக் குழுவுக்கு இரண்டு புள்ளிகள் குறைக்கப்பட்டிருந்தன. ஒன்பது புள்ளி எடுத்தவருக்குக் கிண்ணம். செப்டம்பர் 18-ஆம் தேதி கணக்கு: நியூஸிலாந்து எட்டு, அமெரிக்கா ஒன்று.

இன்னும் ஒரே ஒரு பந்தயம்! செப்டம்பர் 20-ஆம் தேதி காற்று மெலிந்திருந்தது. நியூஸிலாந்துப் படகு வெகு தூரம் முன்னே போய், எல்லைக்கோட்டை நெருங்கிக் கொண்டிருந்தது. அப்போது பந்தயத்துக்கென்று வகுத்திருந்த 40 நிமிஷம் தீர்ந்துவிட்டதென்று மணி அடித்துவிட்டார்கள். ஓட்டம் ரத்து. பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டு, பாயஸத்தில் கை வைக்கும் சமயத்தில் எழுப்பிவிட்டதுபோல் ஆயிற்று.

அமெரிக்கர்கள் படகிலே மாறுதல் செய்து செய்து வேகத்தைக் கூட்டினார்கள். இரண்டு, மூன்று, நாலு என்று புள்ளி ஏறிற்று. நியூஸிலாந்திலே அந்நேரம் காலை எட்டு மணி. அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் திரையை விட்டுக் கண் எடுக்காமல் தேசம் காத்திருந்தது. தினந்தோறும் எழுந்து, தினந்தோறும் தோல்வியைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள். செப்டம்பர் 25-ஆம் தேதி எட்டாவது தடவையாக அமெரிக்கா தொடர்ந்து ஜயித்தது. ஒன்பதுக்கு எட்டு.

வேறு ஜனங்களாயிருந்தால் மறுபடியும் அந்தக் கூஜாவைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இவர்கள் பார்த்தார்கள். 2017-இல் பெர்முடாத் தீவுக்குச் சென்ற நியூஸிலாந்துப் படகில் ஒரு விசித்திரம் இருந்தது. பாயையும் இறக்கைகளையும் இயக்குவதற்கான எண்ணெயழுத்தத்தை மற்றப் படகுகளில் வீரர்கள் கையால் சுழற்றி உண்டாக்கினார்கள். இவர்கள் சைக்கிள் மிதித்து உண்டாக்கினார்கள். மனிதனுக்குக் கையைவிடக் காலில் பலம் அதிகம் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதைப் படகில் செய்து காட்டத் துணிந்தவர்கள் அப்போது அவர்களே. லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற சைக்கிள் வீரர் ஒருவரையே படகில் ஏற்றியிருந்தார்கள். அரையிறுதியில் படகு தலைகுப்புறக் கவிழ்ந்தது. இரவு பகலாய்ச் செப்பனிட்டு மீண்டும் இறக்கினார்கள். 26 வயதுப் பீட்டர் பர்லிங் சுக்கான் பிடிக்க, ஏழுக்கு ஒன்று என்று எல்லிஸன் குழுவைத் தோற்கடித்தார்கள். நியூஸிலாந்தில் அப்போது விடியற்காலை. நாலு வருஷத்துக்கு முன் காலைதோறும் பட்ட துக்கத்துக்கு அந்த விடியல் பதில் சொல்லிற்று.

மண்டகப்படி

2021 மார்ச்சில் ஆக்லாந்திலேயே இத்தாலியரை ஏழுக்கு மூன்று என்று வென்று நியூஸிலாந்து கிண்ணத்தைக் காத்தது. அடுத்த பந்தயமும் சொந்தக் கடலிலேதான் நடக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள். சர்க்காரும் ஆக்லாந்து நகரசபையும் சேர்ந்து ரொக்கமும் வசதிகளுமாக 9 கோடியே 90 லட்சம் நியூஸிலாந்து டாலர் தருவதாகச் சொல்லின. அது போதாது என்று குழுவினர் தள்ளிவிட்டார்கள். 2022-இல் பந்தயம் ஸ்பெயின் தேசத்துப் பார்ஸலோனா நகரத்துக்குக் கொடுக்கப்பட்டது.

நம் ஊர்க் கோயில் உத்ஸவத்தில் மண்டகப்படி என்று ஒன்று உண்டு. செலவை ஏற்றுக் கொள்ளும் தனவந்தருடைய மண்டபத்தில் சுவாமி எழுந்தருளுவார். அதில் தவறில்லை. ஆனால் ஊர் வீதியில் காத்திருக்கும் ஜனங்களை விட்டுவிட்டு, வெளியூர்ச் செட்டியார் அதிகப் பணம் தருகிறாரென்று சுவாமியை அங்கேயே கொண்டுபோய் வைத்தால் ஊரார் என்ன சொல்லுவார்கள்? நியூஸிலாந்து ஜனங்களில் பலர் அதைத்தான் சொன்னார்கள்.

குழுவினர் கட்சியையும் கேட்கவேண்டும். எதிரிகளெல்லாம் கோடீசுவரர்கள்; நல்ல சம்பளம் கொடுக்காவிட்டால் வீரர்களையும் நிபுணர்களையும் அவர்கள் விலைக்கு வாங்கிவிடுவார்கள்; ஊரிலேயே வைத்துத் தோற்பதைவிட வெளியூரில் வைத்து ஜயிப்பது மேல் என்பது அவர்கள் வாதம். 2003-ஐ நினைத்தால் இதை அலட்சியம் செய்ய முடியாது. 2024 அக்டோபர் 19-ஆம் தேதி பார்ஸலோனாவில் பிரிட்டனை ஏழுக்கு இரண்டு என்று வென்று, மூன்றாவது தடவையாகத் தொடர்ந்து கிண்ணத்தைப் பெற்றார்கள். (1851-இல் தோற்ற பிரிட்டன் இன்றுவரையில் ஒரு முறைகூட அதை வென்றதில்லை.) அதே வருஷம் முதல் முறையாகப் பெண்களுக்கென்று தனிப் பந்தயம் நடந்து, இத்தாலியப் பெண்கள் ஜயித்தார்கள் என்பதும் நம் வீட்டுச் சகோதரிகள் அறியவேண்டிய செய்தி.

ஆனால் பார்ஸலோனாவில் பிற்பகல் இரண்டு மணி என்றால் நியூஸிலாந்தில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி. ரஸிகர்கள் மறுபடியும் இருட்டில் எழுந்தார்கள். 2025-இல் இரண்டு செய்திகள் வந்தன. 2027 பந்தயம் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரில் நடக்கும் என்பது ஒன்று. மூன்று தடவை கிண்ணம் வென்று கொடுத்த பீட்டர் பர்லிங் குழுவை விட்டு விலகி, இத்தாலியப் படகில் சேர்ந்தார் என்பது மற்றொன்று. பணத்துக்காக ஊரை விட்டார்கள். வீரரை இருத்திக்கொள்ள அதுவும் போதவில்லை.

ஆகவே வெற்றி யாருடையது? படகு விலைக்குப் போகும், 1851-லேயே போயிற்று. பணக்காரர் திவாலாவார். வீரர் கட்சி மாறுவார். பந்தயம் நடக்கும் ஊரும் ஏலம் போகும். எல்லாவற்றுக்கும் பிறகு மிஞ்சி நிற்பவர்கள், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தில் அலாரம் வைத்து எழுந்திருக்கும் சாதாரண ஜனங்கள்தாம். அவர்கள் இல்லாவிட்டால் இது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு. அவர்கள் இருப்பதனாலேயே தேசத்தின் வெற்றி.

இதிலே தேசாபிமானமுள்ள எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. தேசத்தின் பெயரைச் சொல்லி ஒருவர் நம் அன்பைக் கேட்டால் தாராளமாகக் கொடுப்போம். வரிப்பணத்தைக் கேட்டாலும் யோசித்துக் கொடுப்போம். ஆனால் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. அன்பு காட்டுகிறவன் கணக்குக் கேட்கக் கூடாது என்பது தருமகர்த்தாக்கள் கட்டிவிட்ட கதை. கணக்கு இல்லாத இடத்தில், கூடை சுமந்தவர் ஒருவர், கப்பல் ஏறினவர் மற்றொருவர் என்றுதான் முடியும். தம்பேதென்னை மலையைக் கேட்டால் சொல்லும்.

அந்த வெள்ளிக் கூஜாவுக்கு அடியில்லை என்று ஆரம்பத்தில் சொன்னோம். அதில் ஊற்றிய கோடிகளெல்லாம் ஒழுகிப் போய்விட்டன. ஆனால் 1995-இல் வாங்கிய ஒரு ஜோடி சிவப்புக் காலுறை நியூஸிலாந்தில் எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில் இன்னும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதை ஏலம் போட யாராலும் முடியாது.